வீட்டு நம்பர் போட்ட கார்டுகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கார்டுகளைப் பெயர் வரிசையில் வைப்பதில்லை. வீட்டு நம்பர் வரிசையில்தான் வைப்போம். ஒருமுறை வெளியிலிருந்து பார்வையிட வந்த ஓர் அதிகாரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எங்களுக்கு அதுதான் சரியாக இருந்தது. தோட்டத்தில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அப்பா பெயரும் ஒத்துப்போவது உண்டு. பிறந்த தேதி பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டு நம்பரை மட்டும் யாரும் மறக்க மாட்டார்கள். அரிசி போடுவது, விறகு போடுவது, கடிதம் வந்தால் கூப்பிடுவது எல்லாம் அந்த நம்பரை வைத்துத்தான்.

கார்டு வைக்கும் அலமாரியைத் தோட்டத்துத் தச்சர் செய்து கொடுத்திருந்தார். புறாக்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். லயம் என்பது தொழிலாளர் வீட்டு வரிசை. அலமாரியில் ஒரு வரிசை ஒரு லயம், ஓர் அறை ஒரு வீடு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கார்டும் அந்த அறைக்குள் இருக்கும். ஆள் வந்து வாசலில் நின்றதும் "எத்தனாம் லயம், எத்தனாம் நம்பரு?" என்று கேட்டால் போதும். பெயரைக் கேட்கவே வேண்டாம். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஆட்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஊசிகளைக் கொதிக்க வைப்பது, காயத்தைக் கழுவுவது, தரையைத் துடைப்பது, கார்டை எடுத்து டிரெஸ்ஸரிடம் கொடுத்துத் திரும்ப வாங்கி வைப்பது, இவை என் வேலைகள். டிரெஸ்ஸர் என்று நாங்கள் சொன்னது ஆஸ்பத்திரியை நடத்தியவரை. அவர் டாக்டர் இல்லை. டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் பிள்ளைப்பேறு முதல் பல் பிடுங்குவது வரை டிரெஸ்ஸர்தான். கார்டில் அவர் ஆங்கிலத்தில் எழுதுவதை என்னால் படிக்க முடியாது. ஆனால் சில சொற்களின் உருவம் பழகிவிட்டது. முக்கியமானதை அவர் சிவப்புப் பென்சிலால் மேலே பெரிதாக எழுதுவார். சர்க்கரை வியாதிக்கு ஒரு சொல், காசநோய்க்கு இரண்டு எழுத்து.

மூன்றாம் லயத்து நாலாம் நம்பர் அக்கா ஒருவரின் கார்டில் இருந்த சிவப்பு எழுத்தை எழுதும்போதே நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த அக்கா கொழுந்து பறிக்கிறவர். ஒருநாள் காலை கட்டைவிரல் பழுத்து வீங்கி வந்தார். டிரெஸ்ஸர் பெனிசிலின் ஊசி போட்டார். அது வெள்ளைப் பொடியாகச் சின்னப் புட்டியில் இருக்கும், தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கரைக்க வேண்டும். போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை. அக்காவின் உதடு தடித்தது, கண் மூடிக்கொண்டது, மூச்சு விசில் மாதிரி வந்தது. பெஞ்சிலிருந்து சரிந்தவரை நான்தான் பிடித்தேன். டிரெஸ்ஸர் ஓடிப்போய் வேறொரு ஊசி எடுத்து வந்து போட்டார். நடுப்பகல் வரை அவர் அந்தக் கட்டிலை விட்டு அசையவில்லை.

அக்கா கண் விழித்ததும் டிரெஸ்ஸர் கேட்ட முதல் கேள்வி, "காலையில சாப்பிட்டியா?"

"இல்லீங்கய்யா. கடுங்காப்பி மட்டுந்தான்."

"தம்பி, இந்தம்மாவுக்கு ரொட்டி வாங்கிட்டு வா."

அவர் கேட்டது பசியாக இருக்குமே என்றுதான். அக்கா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். வெறும் வயிற்றில் ஊசி போட்டதால்தான் மயங்கி விழுந்தோம் என்று முடிவு செய்துவிட்டார். மாலைக்குள் லயம் முழுவதும் அதே பேச்சு. அதன்பிறகு எங்கள் தோட்டத்தில் ஊசி போட வருகிறவர்கள் எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். டிரெஸ்ஸர் திருத்தவில்லை. திருத்தினால் ஊசி என்றாலே ஓடிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. "நமக்குத் தெரிஞ்சா போதும் தம்பி. இனி அந்தம்மாவுக்குப் பெனிசிலின் போட்டா ஆளு திரும்பாது" என்றார். கார்டில் சிவப்பில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். பிறகு அக்காவுக்கு எத்தனையோ தடவை வேறு ஊசிகள் போட்டார், ஒன்றும் ஆகவில்லை. அக்கா ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

எண்பதுகளில் டிரெஸ்ஸருக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. ஆஸ்பத்திரியை மூடிவிடுவதாக மேனேஜர் துரை சொன்னார். ரோடு நன்றாகிவிட்டது, வாரம் மூன்று நாள் டவுனுக்கு லோரி போகிறது, பிரிஞ்சாங் டவுனில் ஒரு டாக்டரோடு பேசியாகிவிட்டது, ஆட்கள் அங்கேயே போகலாம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. டவுன் டாக்டர் பெரிய டாக்டர் என்று சிலருக்குச் சந்தோஷம்கூட.

மூடுவது என்றால் கதவைப் பூட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மருந்தைத் திருப்பி அனுப்பவும் கட்டில்களை ஏற்றவும் மூன்று நாள்தான் ஆனது. கார்டுகளுக்கு ஒரு மாதம் ஆனது.

கங்காணி, கிராணி எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். கிராணி என்பது ஆபீசில் கணக்குப் பார்ப்பவர், எந்த வீட்டில் யார் என்று எழுதிய வீட்டுப் புத்தகமும் அவரிடம்தான் இருக்கும்.

"டிரெஸ்ஸர், செத்தவங்க கார்டையெல்லாம் வெச்சி என்னா பண்ணப் போறீங்க? அவங்க வந்து மருந்து கேக்கப் போறாங்களா?" என்றார் கிராணி.

"அவங்க கேக்க மாட்டாங்க. அவங்க பிள்ளைங்க கேப்பாங்க. உங்கப்பாவுக்கு என்னா இருந்திச்சின்னு டவுன் டாக்டர் கேட்டா, என்னா சொல்வாங்க?"

"கடவுளுக்குத்தான் தெரியும்னு சொல்வாங்க."

"கடவுள் கார்டு எழுதி வைக்கல. நான் எழுதி வெச்சிருக்கேன்."

கார்டுகளை மூன்று குவியலாகப் பிரித்தோம். இறந்தவர்கள், தோட்டத்தை விட்டுப் போனவர்கள், இருப்பவர்கள். டிரெஸ்ஸர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். சில கார்டில் நிறுத்திச் சிரிப்பார், சிலதை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். கீழ் வரிசை அறைகளில் இருந்த கார்டுகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே பூஞ்சணம். எங்கள் ஊர்க் குளிரில் மழை மாதங்களில் சுவரே வியர்க்கும், காகிதம் எம்மாத்திரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராத நாளாகப் பார்த்து, ஆலையின் மேல்மாடியில் தேயிலை வாட்டும் தட்டுகளின் மேல் அவற்றைப் பரப்பி வைத்தோம். கீழேயிருந்து சூடான காற்று வரும். மாலைக்குள் அப்பளம் மாதிரி காய்ந்தன. ஆலைக்காரர்கள் மேலே வந்து பார்த்துவிட்டு, இந்தத் தூளை எந்த ஊருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

எதில் போட்டு வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. சாக்கில் போட்டால் எலி. இரும்பு டிரங்கில் போட்டால் உள்ளே வியர்க்கும். கடைசியில் தேயிலைப் பெட்டியே நல்லது என்று ஆனது. பலகைப் பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். தூள் மாதக்கணக்கில் கப்பலில் போனாலும் நமத்துப்போகாது. அதில் இறந்தவர்களையும் போனவர்களையும் லயம் லயமாகக் கட்டி அடுக்கி, மேலே ஈயத்தாளை மடித்து ஆணி அடித்தேன். பெட்டியின் பக்கத்தில் லயத்து நம்பரைத் தமிழில் பெயிண்டால் எழுதினேன். ஆலை ஸ்டோரில், தரையில் படாமல் கட்டை போட்டு வைத்தோம். பிறப்புப் புத்தகத்தையும் காயப் புத்தகத்தையும் டிரெஸ்ஸர் பெட்டிக்குள் போட விடவில்லை. அடையாள அட்டை விஷயமாக ஆட்கள் அடிக்கடி கேட்டு வருவார்கள், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று ஆபீஸ் அலமாரியில் வைத்துச் சாவியைக் கிராணியிடம் கொடுத்தார்.

இருப்பவர்களின் கார்டுதான் மிச்சம். பிரிஞ்சாங் டாக்டர் தன்னுடைய கார்டு புதிதாகத் திறப்பார். பழையதை அவரவர் முதல் தடவை கொண்டுபோனால் பார்த்து எழுதிக்கொள்வார். ஆகவே, வீட்டுக்கு ஓர் உறை என்று போட்டு, உறையின் மேல் லயமும் வீட்டு நம்பரும் எழுதி, ஆட்களிடமே கொடுத்துவிடுவது என்று முடிவானது.

புறப்படுவதற்கு முதல் நாள் டிரெஸ்ஸர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். "தம்பி, பெரட்டுல வெச்சிக் குடு. நம்பரக் கேக்காதே, பேரைக் கேளு. ஆளு மூஞ்சியப் பார்த்துக் கையில குடு. சிவப்பு எழுதின வீட்டுக்காரங்களத் தனியாக் கூப்பிட்டு, இதை டாக்டருகிட்ட காட்டாம ஊசி போடக் கூடாதுன்னு சொல்லிடு. செய்வியா?"

"செய்றேன்யா" என்றேன்.

அவர் சனிக்கிழமை லோரியில் ஈப்போவுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை விடியலில் இரண்டு சாக்கு நிறைய உறைகளோடு பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலைக்கு முன்னால் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடம் அது. பனி இறங்கியிருந்தது. கங்காணிமார் கத்திக்கொண்டிருந்தார்கள், பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். கிராணிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். களம் கலைந்தது. சாக்குகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள், எல்லாரும் மலைக்குப் போனபிறகு, லயம் லயமாகப் போய், உறையில் உள்ள நம்பரைப் பார்த்துக் கதவுக்குக் கீழே தள்ளினேன். வீட்டில் இருந்த ஒன்றிரண்டு வயசானவர்களிடம் கையில் கொடுத்தேன். நடுப்பகலுக்குள் முடிந்துவிட்டது. வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷம். சிவப்பு எழுத்து வீடுகளுக்கு ஒருநாள் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் என்னை ஆலையில் தூள் சலிக்கும் சலிப்பறைக்குப் போட்டுவிட்டார்கள். போகவில்லை.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் அக்காவின் மாமனார் இறந்துபோயிருந்தார். அவர் இறந்த நட்சத்திரம் சரியில்லை, அடைப்பு இருக்கிறது, ஆறு மாதத்துக்கு அந்த வீட்டை மூடி வைக்க வேண்டும் என்று கோயில் பூசாரி சொல்லிவிட்டார். சொந்த வீடு என்றால் ஓர் அறையை மூடிவிட்டு இன்னோர் அறையில் இருக்கலாம். லயத்து வீட்டில் எதை மூடுவது? அதே லயத்தில் ஒன்பதாம் நம்பரில் இருந்த லோரி டிரைவர் குடும்பம் வேதக்காரர்கள். "நமக்கு நாளும் இல்ல, நட்சத்திரமும் இல்ல. நீங்க இங்க வாங்க, நாங்க அங்க போறோம்" என்று டிரைவர் சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுச் சாமானும் இடம் மாறிவிட்டது. துரையின் கடிதம் இல்லாமல் வீடு மாறினால் வீட்டையே பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் ஆபீசில் யாரும் சொல்லவில்லை. லயத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டுப் புத்தகத்துக்கும் என் அலமாரிக்கும் தெரியாது.

உறை கொடுத்து மூன்று வாரம் இருக்கும். ஒரு காலையில் டிரைவர் ஆலைக்குத் தூள் ஏற்ற வந்தவர், சலிப்பறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். கையில் அந்த உறை.

"என்னாண்ணே, எங்க குடும்பத்துக்கே பேரை மாத்தி வயசையும் கூட்டிட்டீங்க? எம்பொண்ணு படிச்சிப் பார்த்திட்டு விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்கு வயசு அம்பத்திரண்டாம். எம்பொண்டாட்டிக்குச் சிவப்புல என்னமோ பெரிசா எழுதியிருக்கீங்க. அவளுக்கு அப்படி என்னா வியாதி? எங்கிட்ட சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன்."

உறையைப் பிரித்தேன். மேலேயே அந்தக் கார்டு இருந்தது. சிவப்பு எழுத்து, கீழே இரண்டு கோடு.

"இது நாலாம் நம்பரு அக்காவோடது."

"நாலாம் நம்பருல நாங்கதானே இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

"அப்போ அக்காகிட்ட உங்க கார்டு இருக்கா?"

"இருக்கும். நீங்கதானே ஒம்பதுல போட்டீங்க?"

"அக்கா எங்க இப்போ?"

"அதுக்குக் காலு வீங்கிப்போச்சிண்ணே. கவாத்து வெட்டின மலையில குச்சி ஏறிடுச்சி. காலையில டவுன் லோரியில போச்சே, உறையை இடுப்புல சொருகிக்கிட்டு. ஏறறதுக்கு முன்ன ரோட்டுக் கடையில உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருந்திச்சி. ஊசி போடுவாங்களாம், தெம்பு வேணுமாம்."

சீழ் பிடித்த காலுக்கு என்ன ஊசி போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அக்காவின் கையில் இருப்பது டிரைவர் மனைவியின் கார்டு. அதில் சிவப்பு எதுவும் இல்லை.

ஆபீசுக்கு ஓடினேன். கிராணியிடம் வீடு மாறிய கதையைச் சொல்ல முடியாது. கார்டு ஒன்று விட்டுப்போய்விட்டது, அந்த அக்காவுக்குப் பெனிசிலின் ஆகாது, டாக்டருக்கு போன் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கிராணி ஒன்றும் கேட்காமல் போனைச் சுற்றினார். அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து வைத்துவிட்டார்.

"அந்தப் பேருல இன்னைக்கி யாரும் வரலையாம். கடைத்தெருவுக்குப் போயிருப்பா. நீ போய் வேலையப் பாரு."

வெளியே டிரைவர் லோரியை முடுக்கிக்கொண்டு நின்றார். ஏறிக்கொண்டேன். பாதித் தூள்தான் ஏற்றியிருந்தார்கள். கியா பார்ம் வளைவில் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. முந்த முடியவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று தொடையில் தட்டினார்.

"அண்ணே, எம்பொண்டாட்டி கார்டைக் குடுத்திருந்தா, எம்பொண்டாட்டி பேருலதானே எழுதியிருப்பாங்க? கிராணி அந்தக்கா பேரைக் கேட்டா எப்படிலா இருக்கும்?"

அது எனக்குத் தோன்றவேயில்லை. திரும்பிப் போய் மறுபடி போன் போடலாமா என்று கேட்டார். வழியில் பாதிக்கு மேல் வந்துவிட்டோம். "போங்க" என்றேன்.

கிளினிக் கடை வரிசையில் இருந்தது. பெஞ்சு நிறைய ஆட்கள். மேசையில் இருந்த சீனப் பெண்ணிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஒரு நம்பர் அட்டையை என் கையில் வைத்து, "டுடுக்" என்று பெஞ்சைக் காட்டினாள். நான் போய் உட்கார்ந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஓர் உயிர் விஷயமாக வந்தவன், உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன். என் நம்பர் பதினேழு. பெஞ்சில் அக்கா இல்லை. மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் நிமிர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே பாதி இழுத்த திரைக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "பாஞ்சாக் காலி சுச்சுக் மிஸ்ஸி. தா அப்பா. நெறைய சாப்பிட்டாச்சி, மாக்கான் சூடா." ஊசி எத்தனையோ தடவை போட்டாயிற்று, பயமில்லை, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் நர்ஸ் மிஸ்ஸியின் கைகள் தெரிந்தன. சின்னப் புட்டி ஒன்றை இரண்டு விரலால் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குலுக்கல் எனக்குத் தெரியும்.

எழுந்து போய்த் திரையை விலக்கினேன்.

"மிஸ்ஸி, ஜாங்ஙான்!" என்றேன். வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தது. கையிலிருந்த கார்டைத் தூக்கிப் பிடித்தேன். மிஸ்ஸி சத்தம் போட்டாள். பக்கத்து அறையிலிருந்து டாக்டர் வந்தார். கார்டை வாங்கி, சிவப்பு எழுத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த இன்னொரு கார்டைப் பார்த்தார். மிஸ்ஸியின் கையிலிருந்த புட்டியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எது யாருடைய கார்டு என்று மலாயில் கேட்டார். சொன்னேன். இதை மாற்றிக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"சாயா, டோக்டர்" என்றேன். நான்தான்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. இப்படி இன்னும் எத்தனை வீட்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. நீ வந்து எல்லாம் சரி என்று சொல்கிறவரை உன் தோட்டத்துக் கார்டு எதையும் நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அக்காவின் காலை அவரே கழுவிக் கட்டுப் போட்டார். வேறு மாத்திரை கொடுத்தார்.

திரும்பும்போது லோரியில் மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தோம். அக்கா நடுவில் காலை நீட்டிக்கொண்டு.

"ஏந் தம்பி, பொம்பளை உக்காந்திருக்கற எடத்துல இப்படியா திரையத் தூக்குவே? ஒன்ன நல்ல பிள்ளைன்னு நெனச்சேன்."

டிரைவர் சிரித்தார். "அவருக்கு அந்தத் தைரியம் வரவே எட்டு வருசம் ஆயிருக்கும்க்கா, நல்லவேளை இன்னைக்கித் தூக்கினாரு."

நான் சொன்னேன். அன்று மயங்கி விழுந்தது வெறும் வயிற்றால் இல்லை, அந்த மருந்து உடம்புக்கு ஆகாததால். இன்று போட்டிருந்தால் லோரியில் உட்கார்ந்து வந்திருக்க மாட்டீர்கள் என்றும் சொன்னேன். அக்கா கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்போ டிரெஸ்ஸருக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"ஒனக்கும் தெரியும்."

"தெரியும்."

"என் ஒடம்பு. எனக்கு மட்டுந்தான் தெரியாது."

பிறகு அக்கா அந்த மருந்தின் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். தோட்டத்து ரோட்டில் திரும்பும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று மாலை கிராணி வீட்டுக்குப் போய், நாளைக்குப் பெரட்டில் நான் ஆட்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா?" என்றார். பிறகு, "கொழுந்து காத்துக்கிட்டு நிக்காது. சுருக்கா முடி" என்றார்.

மறுநாள் விடியலில் கிராணிக்குப் பக்கத்தில் நின்றேன். பனியில் ஆட்களின் முகம் சரியாகத் தெரியாதது கொஞ்சம் தைரியமாக இருந்தது. நான் கொடுத்த உறையைப் பெயர் பார்த்துக் கொடுக்கவில்லை, வீட்டு நம்பரைப் பார்த்துக் கதவுக்குக் கீழே போட்டேன், அது என் தப்பு என்றேன். வேறு ஆளின் கார்டோடு டவுனுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்றேன். "வீடு மாறினவங்க யாருன்னு சொல்லுங்க. கார்டை மாத்திக் குடுத்திடறேன்."

யாரும் வாய் திறக்கவில்லை. கிராணி வீட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார். எப்படித் திறப்பார்கள்? பின்னால் யாரோ, "நாங்கல்லாம் பொறந்த வீட்டுலயேதான் சாவோம்ணே" என்றார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

அக்கா கட்டுப் போட்ட காலோடு முன்னால் வந்தார். அவர் அன்று வேலைக்கே வரவேண்டியதில்லை.

"கிராணி ஐயா, நான் மாறிக்கிட்டேன். நாலிலருந்து ஒம்பதுக்கு. மாமனாருக்கு அடைப்பு. புடுங்கறதுன்னா வீட்டைப் புடுங்கிக்குங்க. நேத்து எனக்கு உசுரே போயிருக்கும்."

கிராணி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆபீசில் நேற்று நான் சொல்லாமல் விட்டது என்ன என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

"நான் ஒண்ணும் கேக்கலையே. இந்தப் பனியில எனக்குக் காது அடைச்சிக்கிது" என்றார். புத்தகத்தைக் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொழுந்துக் கொட்டகைக்கு நடந்துவிட்டார். அந்த நேரத்தில் நிறுக்க அங்கே ஒரு கொழுந்தும் கிடையாது.

அவர் முதுகு பனியில் மறைந்ததும் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. இரண்டாம் லயத்தில் தண்ணீர்க் குழாய்க்காக மாறியவர்கள், ஐந்தாம் லயத்தில் மாமியார் சண்டைக்காக மாறியவர்கள், மூன்று வீட்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்ட அண்ணன் தம்பிகள். ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, நம்பரை விட்டுவிட்டு, ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.